ரெட்டைக் கிரகத்துக்கு வழி கேட்ட பேரனுக்கு

ஏலே ராசா, உங்க அம்மை போன் பண்ணினா. நீ சோத்துத் தட்டு முன்னால உக்காந்து ரெண்டு எலுமிச்சம்பழத்த உருட்டி உருட்டிப் பாத்துக்கிட்டு இருக்கியாம். புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு, திருநீறு மந்திரிச்சுக் குடுத்து விடுங்கன்னு அழாத குறை. நான் சொன்னேன்: "அவனுக்குப் பேயும் பிடிக்கல, நோயும் பிடிக்கல. கிரகம் பிடிச்சிருக்கு. அதுவும் ஒண்ணில்ல, ரெண்டு."

கம்ப்யூட்டர் வாங்கும்போது ப்ராஜெக்ட்டுக்குன்னு சொல்லித்தான வாங்கினே? ப்ராஜெக்ட் என்னன்னு இப்பம்லா தெரியுது. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம். மெக்சிகோவுல உக்காந்து ஆக்கி, 2011ல வெளிய விட்ட ஆட்டம். பச்சைத் தோலும் முட்டைக்கண்ணுமா சின்னச் சின்ன ஆளுங்க. அவங்களுக்கு நீ ராக்கெட் கட்டிக் குடுக்கணும். நீ கட்டின ராக்கெட்ல ஏறியும் அதுக சிரிச்சுக்கிட்டே போகுது பாரு, அந்தத் தைரியம் நம்ம வம்சத்துல யாருக்கும் கிடையாது.

சரி, வாட்ஸப்புல நீ அனுப்பின நோட்டுப் பக்கத்தப் பாத்தேன். முழுநேரமும் வயக்காட்டுல நிக்கிற கிழவனுக்கு என்ன தெரியும்னு நினைச்சுத்தான் அனுப்பிருப்பே. சர்க்கார் பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்தவன்லே நான். அடிச்சு அடிச்சுத் திருத்தின எழுத்தப் பாத்தாலே, எந்த வரியில மூளை தூங்கிச்சுன்னு எனக்குத் தெரியும்.

உன் கணக்கு இது. அந்தப் பச்சை ஆளுங்க குடியிருக்கிற கிரகம் கெர்பின். அதோட அளவு பாரத்துல ரெண்டு கிரகம். நடுவுல 12,000 கிலோமீட்டர் தூரம். ஒண்ணையொண்ணு சுத்துது. ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம்? நீ 38 மணி 36 நிமிஷம்னு போட்டு, அதுக்கு அடியில ரெண்டு கோடு வேற இழுத்திருக்கே. கோடு அழுத்தமாத்தான் இருக்கு. விடைதான் தப்பு.

அந்த 38 மணி 36 நிமிஷம் எங்க இருந்து வந்துச்சுன்னும் சொல்லட்டா? அது கெர்பினோட நிலா, 'முன்'னு பேரு வெச்சிருக்காங்களே, அது ஒரு சுத்துச் சுத்துற நேரம். அதும் 12,000 கிலோமீட்டர்லதான் சுத்துது. தூரம் ஒண்ணா இருக்குன்னதும் நேரமும் ஒண்ணாத்தான் இருக்கும்னு அப்படியே எடுத்து எழுதிட்டே. பக்கத்துப் பய பேப்பரப் பாத்துப் பேரையும் சேத்துக் காப்பியடிக்கிறவன் உன்னைவிட யோக்கியன்.

கெர்பினோட பாரத்துல முன் 54ல ஒரு பங்கு. அத்தனை இளைச்சது இழுக்கிற இழுப்ப விட்டுட்டாக் குடி முழுகிடாது. இங்க ரெண்டும் சரிக்குச் சரி. இது அத இழுக்கு, அது இத இழுக்கு. கெப்ளர் 1619ல சொன்ன மூணாவது விதியில பாரத்தப் பத்திப் பேச்சே இல்ல. நியூட்டன்தான் பின்னால ரெண்டு பாரத்தையும் கூட்டி உள்ள போடணும்னு ஆக்கினாரு. கூட்டுத்தொகை ரெண்டு பங்காச்சுன்னா, நேரத்த ரெண்டோட வர்க்கமூலத்தால வகுக்கணும். வகுத்துப் பாரு, 27 மணி 18 நிமிஷம் வரும். உனக்கு 11 மணி நேரத்துக்கு மேல பிசகு. நீ அங்க போய்ச் சேந்து "கிரகத்தக் காணோமே"ன்னு கையப் பிசையும்போது, அது அந்தப் பக்கம் போய் உனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கும்.

அடுத்த வரி இதைவிட லட்சணம். 'வேகம் விநாடிக்கு 543 மீட்டர்.' அதும் முன்னுக்கு உள்ளதுதான். இந்த ரெண்டுல எதுவும் 12,000 கிலோமீட்டர் ஆரத்துல சுத்தலையே ஐயா. நடுவுல இருக்கிற ஒரு புள்ளியச் சுத்தி ஆளுக்கு 6,000 கிலோமீட்டர் ஆரத்துல சுத்துது. விநாடிக்கு 384 மீட்டர் போதும். நீ 543ல போனே, உன் பச்சை ஆளு சிரிச்சுக்கிட்டே தாண்டிப் போயிருவான்.

சின்னதுல நீயும் உன் அத்தை மகளும் களத்துல கையப் பிடிச்சுக்கிட்டுத் தட்டாமாலை சுத்துவீங்களே, ஞாபகம் இருக்கா? ரெண்டு பேரும் ஒரே கனமா இருந்தா, சுத்துற மையம் ரெண்டு பேருக்கும் நட்ட நடுவுல நிக்கும். அதே உன்னைச் சின்ன மாமன் கையப் பிடிச்சுச் சுத்தினா, மையம் மாமன் தொப்பைக்குப் பக்கத்துல போயிரும். மாமன் நின்ன இடத்துல நிக்கிற மாதிரிதான் தெரியும், ஆனா காலக் கவனிச்சா அவரும் குட்டியா ஒரு வட்டம் போட்டுக்கிட்டு இருப்பாரு. இவ்வளவுதான்லே விஷயம். இதுக்கா எலுமிச்சம்பழத்தப் போட்டு உருட்டினே?

நம்ம பூமியும் அந்த ஜாதிதான். நிலாவோட பாரம் பூமியில 81ல ஒண்ணு. ரெண்டும் சேந்து சுத்துற புள்ளி, பூமி மையத்துல இருந்து சுமாரா 4,670 கிலோமீட்டர் தள்ளி, நம்ம காலுக்கு அடியில 1,700 கிலோமீட்டர் ஆழத்துல கிடக்கு. சூரியனும் வியாழனும் சுத்துற புள்ளி சூரியனோட மேற்பரப்புக்குச் சத்தே வெளிய விழுது. அத்தாம் பெரிய சூரியனே ஆடிக்கிட்டு இருக்கும்போது, உன் ஆட்டத்துல கெர்பின் மட்டும் முன்னப் பாத்து ஒரு இஞ்சு அசைய மாட்டேங்குது, கவனிச்சியா? நியாயத்துக்கு அது தன் மையத்துல இருந்து சுமாரா 218 கிலோமீட்டர் தள்ளியுள்ள புள்ளியச் சுத்தி ஆடணும். ஆடாது. தண்டவாளத்துல ஓட விட்ட மாதிரி எழுதி வெச்சிருக்காங்க. நீ ஆட்டத்த நம்பினே, ஆட்டம் உன்னைய நம்ப வெச்சுது. யார் மேல குத்தம் சொல்ல?

அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, அதச் சொன்னாத்தான் உனக்கு எங்க இடிக்குதுன்னு விளங்கும். உன் ராக்கெட்ட ஒரே நேரத்துல சூரியன், கெர்பின், முன்னு எல்லாரும் இழுக்காங்க. எல்லா இழுப்பையும் கூட்டி வழி போடுறது லேசுப்பட்ட காரியம் இல்ல. அதனால ஆட்டம் செஞ்சவங்க ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க: ஒரு நேரத்துல ஒருத்தர்தான் இழுக்கணும். முன்னச் சுத்தி 2,430 கிலோமீட்டருக்கு ஒரு எல்லை. அதுக்குள்ள நுழைஞ்சா முன் மட்டும் இழுக்கும், கெர்பின் வாயப் பொத்திக்கிடும். வெளிய வந்தா கெர்பின் மட்டும். நாசாக்காரங்களும் முதல் தோராயக் கணக்குக்கு இந்த வழியத்தான் பிடிப்பாங்க, அதனால இத ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். நல்ல குடும்பத்துப் பொய்.

அந்த எல்லைய எப்படிப் போடுதாங்க தெரியுமா? சின்னதோட பாரத்தப் பெருசோட பாரத்தால வகு, அத அஞ்சுல ரெண்டு அடுக்குக்கு ஏத்து, ரெண்டுக்கும் இடையில உள்ள தூரத்தால பெருக்கு. முன்னுக்குப் போட்டுப் பாரு: 54ல ஒண்ணு, அடுக்கு ஏத்தினா 0.2 சொச்சம், பெருக்கு 12,000. அதே 2,430 வந்து நிக்கும். இப்பம் உன் ரெட்டையருக்குப் போடு. சமபாரம், வகுத்தா ஒண்ணு. ஒண்ண எந்த அடுக்குக்கு ஏத்தினாலும் ஒண்ணுதான். பெருக்கினா 12,000. அதாவது இவன் எல்லை அவன் நடுவீடு வரைக்கும் போகுது, அவன் எல்லை இவன் அடுப்படி வரைக்கும் வருது. இப்பம் சொல்லு, உன் ராக்கெட் யாருக்கு வரி கட்டணும்? சூத்திரத்தக் கேட்டா அது நம்மூர் அந்தக்காலக் கர்ணம் மாதிரி ரெண்டு பேருக்கும்ங்கும். ஆட்டமோ ஒருத்தருக்கு மேல கணக்குல எடுத்துக்கிடாது.

இந்தச் சிக்கல்ல பெரிய பெரிய கம்பெனியே கையச் சுட்டுக்கிட்டுருக்கு. இதே ஆட்டத்துக்கு ரெண்டாம் பாகம் வருதுன்னு 2019ல மேளம் அடிச்சாங்க. அதுல ராஸ்க், ரஸ்க்குன்னு ரெட்டைக் கிரகம். பேரக் கேட்டதும் எனக்கு டீ குடிக்கத் தோணிருச்சு. ஒண்ணையொண்ணு அவ்வளவு நெருங்கிச் சுத்துறதால, இழுக்கிற இழுப்புல தரை வெடிச்சு நெருப்புக் குழம்பு ஒழுகும்னு படம் காட்டினாங்க. பழைய 'ஒருத்தர் மட்டும் இழுக்கட்டும்' கணக்கு அங்க செல்லாது, புதுசாப் போடணும்னு அவங்களே சொன்னாங்க. 2023 பிப்ரவரியில ஆட்டம் அரைகுறையா வெளிய வந்துது. அம்பது டாலர் குடுத்து வாங்கினவங்க ராஸ்க்கையும் காணோம், ரஸ்க்கையும் காணோம்னு தேடினாங்க. 2024ல அந்தப் பட்டறையையே இழுத்து மூடிட்டாங்க. இத்தனை வருஷம் சுத்தினதுல ரெட்டைக் கிரகம் மட்டும்தான் வந்து சேரல.

மூணு பேர் ஒருத்தரையொருத்தர் இழுக்கிற கணக்கு அப்படிப்பட்டதுடா. ஸ்வீடன் ராசா ஆஸ்கர் தன் அறுபதாம் பிறந்தநாளுக்கு இதச் சேத்து ஒரு கணக்குப் போட்டி வெச்சாரு. பிரெஞ்சுக்காரர் போன்கரே 1889ல பரிசத் தட்டிட்டுப் போனாரு. 2,500 குரோனர். கட்டுரை அச்சாகி வந்தப்புறம்தான் அதுக்குள்ள ஒரு பெரிய ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுது. அச்சடிச்சதத் திரும்ப வாங்கி, திருத்தி மறுபடி அச்சடிக்க அவரு கையில இருந்து போன காசு 3,500 குரோனருக்கு மேல. ஜெயிச்சு நட்டப்பட்ட மனுசன். ஆனா அந்த ஓட்டைய அடைக்கப் போயித்தான், இம்புட்டுக்காணு வித்தியாசம் கடைசியில வழியையே மாத்திப்புடும்ங்கிறதக் கண்டுபிடிச்சாரு. உன் நோட்டுல உள்ள ஓட்டையில இருந்து எதுவும் கிடைக்காது, தேடாத.

இப்பம் நீ கூட்டாளிகிட்ட இருந்து வாங்கிப் போட்டிருக்கிற மாடுக்கு வருவோம். மாடுன்னா நம்ம தொழுவத்து மாடு இல்லன்னு உன் தங்கச்சி விளக்கம் குடுத்தா. ஆட்டத்துல வெளியாளுங்க ஒட்டுப் போடுறதாம். அதுல ரெட்டைக் கிரகம் ஜோராச் சுத்துதேன்னு கேக்கே. சுத்தும்லே, எப்படிச் சுத்துதுன்னு பாரு. இந்த மாதிரி ஒட்டுப் போடுறவங்க நடுவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு மாயக் கிரகத்த நட்டு வெப்பாங்க. நீ பாக்கிற ரெண்டும் அதுக்கு நிலா. ரெண்டையும் எதிரெதிர் பக்கத்துல ஒரே நேரத்துக்குச் சுத்த விட்டாச்சு, சோலி முடிஞ்சுது. கெட்டிக்காரப் பயலுக. எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

நீ நோட்டுல எழுதிருக்கிற விபத்து நடந்ததும் அங்கதான். நிஜத்துல சமபாரமா ரெண்டு இருந்தா, நட்ட நடுவுல ஒருத்தர் இழுப்ப இன்னொருத்தர் இழுப்பு அடிச்சுப் போட்டுரும். அங்க நிக்கிற ராக்கெட்ட ரெண்டுல எதுவும் தன் பக்கம் கொண்டுபோக முடியாது. நடுவுல உள்ள மாயக் கிரகத்துக்கு ரெண்டோட பாரத்தையும் சேத்துக் குடுத்திருந்தா என்ன ஆகும்? இழுப்பே இருக்கக் கூடாத இடத்துல அத்தனை இழுப்பும் வந்து உக்காரும். நீ 'நடுவுல சும்மா நின்னு வேடிக்கை பாப்போம்'னு போனே. ஒண்ணுமில்லாத வெளியில வேகம் ஏறி, என்னத்துலன்னு தெரியாம அந்தப் பக்கம் தெறிச்சு விழுந்தே. பேய் அடிச்சுதுன்னு நீ எழுதினது ஒருவகையில சரிதான்.

நிஜமான இழுப்பு வேணும்னா பிரின்சிப்பியான்னு ஒரு ஒட்டு இருக்கு. நியூட்டன் 1687ல போட்ட புஸ்தகத்தோட பேரு. எல்லாரும் எல்லாரையும் இழுக்கிறத அது உள்ளபடியே கணக்குப் போடும். அதப் போட்டதும் என்ன கூத்து நடந்துது தெரியுமா? அதே ஆட்டத்துல ஜூல்னு பச்சைக் கிரகம், அதுக்கு அஞ்சு நிலா. நிஜக் கணக்குல விட்டா அந்தக் குடும்பம் சேந்து வாழாதுன்னு தெரிஞ்சு, ஒட்டுப் போட்டவங்களே நிலாவோட பாதையத் திருத்தி வெக்க வேண்டியதாப் போச்சு. இத்தனை வருஷமா அந்த வீட்டுல சண்டை வராம இருந்ததுக்கு ஒரே காரணம், யாரும் யாரோடயும் பேசாததுதான்.

அடுத்த கேள்வியா எழுதிருக்கியே, 'ரெண்டையும் எட்டுப் போட்டுச் சுத்துற மாதிரி செயற்கைக்கோள் விட முடியுமா தாத்தா'ன்னு. டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போனப்பம் எட்டுப் போடச் சொன்னாங்க, காலக் கீழ ஊனிட்டு வந்தே. அங்க போய் எட்டுப் போடப் போறியாக்கும். நிஜ இழுப்புல அந்த வழி இருக்கு, நிலைக்காது. விடாம எரிபொருள் செலவழிச்சுத் திருத்திக்கிட்டே இருக்கணும். உன் பாக்கெட் மணி மாதிரிச் சீக்கிரம் காலியாயிரும்.

நிலைச்சு நிக்கிற இடம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு, ரெண்டுல ஏதாவது ஒரு கிரகத்த ஒட்டிச் சுத்துறது. இடைவெளியில கால்வாசிக்கு உள்ளேயே இருக்கணும். உன் 12,000 கிலோமீட்டருக்கு, கிரகத்தோட மையத்துல இருந்து 3,000 கிலோமீட்டரத் தாண்டாத. இல்லையா, ரெண்டையும் சேத்து ஒண்ணா நினைச்சு எட்டத்துல நின்னு சுத்து. இடைவெளியப் போல ரெண்டரை மடங்குக்கு வெளிய போயிரணும். 30,000 கிலோமீட்டர். நடுவுல உள்ளது அத்தனையும் வம்பு. லக்ராஞ்ச்னு ஒரு கணக்குக்காரர் சொன்ன, ரெண்டு கிரகத்தோடயும் முக்கோணமா அமையிற முனையில நிறுத்தட்டான்னு கேக்காத. பெருசுக்குச் சின்னது சுமாரா 25ல ஒரு பங்குக்குக் கீழ இருந்தாத்தான் அந்த முனை நிலைக்கும். பூமியும் நிலாவும் பரிட்சையில பாஸ். உன் ரெட்டையர் பெயில்.

இந்தக் கணக்க நான் கனாவுல கண்டு சொல்லல, மேல போய்ப் பாத்துக்கோ. புளூட்டோவுக்குப் பக்கத்துல சாரோன் இருக்கிறத 1978ல ஜேம்ஸ் கிறிஸ்டி கண்டுபிடிச்சாரு. படத்துல புளூட்டோவுக்குப் பக்கவாட்டுல ஒரு புடைப்புத் தெரிஞ்சுது. அது போகப் போக இடம் மாறுது. மத்தவன்னா படம் சரியில்லன்னு தூக்கிப் போட்டிருப்பான். சாரோன் பாரத்துல புளூட்டோவுக்கு எட்டுல ஒண்ணு. நடுவுல 19,600 கிலோமீட்டர். 6.4 நாளைக்கு ஒரு சுத்து. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒரே முகத்தத்தான் காட்டிக்கிட்டு இருக்கும், திரும்பவே திரும்பாது. சுத்துற புள்ளி புளூட்டோவுக்கு வெளிய, தரைக்கு மேல 900 கிலோமீட்டருக்கும் அதிகமா அந்தரத்துல நிக்குது. இந்த ஜோடியச் சுத்தி ஸ்டிக்ஸ், நிக்ஸ், கெர்பெரஸ், ஹைட்ரான்னு நாலு பொடிநிலா. அதுல உள்ளுக்குள்ள உள்ளது ஸ்டிக்ஸ். அதுக்குத் தூரம் 42,700 கிலோமீட்டர் பக்கம், இடைவெளியப் போல ரெண்டு மடங்கும் கொஞ்சமும். புளூட்டோ சாரோன் பாரத்துக்கு நிலைக்கிற எல்லை ரெண்டு மடங்கு வாக்குல வருது. ஸ்டிக்ஸ் அந்தக் கோட்டுக்கு வெளிய மிதிச்சும் மிதிக்காம நிக்குது. அதுக்கு உள்ள ஒரு பய கிடையாது. 2006ல புளூட்டோவக் கிரகப் பட்டியல்ல இருந்து தூக்கினாங்க. அதுக்காக அந்த நாலும் சுத்துறத நிறுத்திருச்சா?

உன் தங்கச்சி விளையாடுற ஆட்டத்துலயும் ரெட்டைக் கிரகம் உண்டு, அவகிட்டக் கேட்டிருக்கலாம். அவுட்டர் வைல்ட்ஸ். 2019ல வந்துது, மறுவருஷம் பாஃப்டா சிறந்த ஆட்டம்னு பரிசு குடுத்துது. மணல் கடிகாரத்துல ரெண்டு பக்கமும் இருக்கிற மாதிரி ரெண்டு கிரகம், சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல சுத்துது. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மணல் தூணாக் கொட்டிக்கிட்டே இருக்கும். இருபத்திரெண்டு நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சு, மறுபடி முதல்ல இருந்து. நிஜத்துல அத்தனை மணல் இடம் மாறினா, பாரமும் மாறும், சுத்துற புள்ளியும் மணல் போற பக்கமா நகரும். அத அவகிட்டச் சொன்னேன். "தாத்தா, குகைக்குள்ள மணல் நிரம்பி நான் சாகப் போறேன், இப்பம் இது ரொம்ப முக்கியமா"ன்னு கேட்டா. புத்திசாலிப் புள்ள. அதுல ஆட்டோபைலட்டுன்னு ஒரு பொத்தான் இருக்கு. போற இடத்தக் காட்டிட்டா நேரே கொண்டுபோய் விடும். வழியில சூரியன் இருந்தாலும் நேரேதான் போகும். இந்த ரெட்டையரு சூரியனுக்குப் பக்கத்துல இருக்கிறதால, பொத்தான நம்பிப் போனவங்க நிறையப் பேரு நேரா அடுப்புல இறங்கியிருக்காங்க. நம்ம ஊர்ல மேப்பப் பாத்துக் கார ஓட்டி ஊருணியில இறக்கின மாப்பிள்ளை ஒருத்தரு உனக்கு உறவுதான், பேரு சொல்ல மாட்டேன்.

ஆக, நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். எலுமிச்சம்பழத்த உங்க அம்மைகிட்டக் குடு, ஊறுகாய்க்கு ஆகும். 30,000 கிலோமீட்டருக்கு வெளிய போய் ஒரு வட்டத்துல நில்லு. ரெண்டும் ஒரு சுத்து முடிக்கிற நேரத்த உன் கண்ணால அளந்து பாரு, என் கணக்கோடயும் ஒத்துப் பாரு. ஒட்டுப் போட்டவன் மாயக் கிரகத்துக்கு என்ன பாரம் குடுத்திருக்கான்னு அதுலயே தெரிஞ்சுரும். அப்புறம் ரெண்டுல ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, எதுன்னு தேர்ந்துக்கோ. அது வர்ற இடத்துக்கு முன்கூட்டிப் போய், அதோட வேகத்துக்கு உன் வேகத்த ஒத்துப் போட்டு, எல்லைக்குள்ள நுழைஞ்ச உடனே பிரேக் போடு. நடுப்புள்ளி வழியாக் குறுக்குவழி போகாத. மேப் போடுற கோடு, எல்லை மாறுற இடத்துல பல்லிளிக்கும், அத நம்பாத. கிளம்புறதுக்கு முன்னால மறக்காம எஃப் 5ஐ அமுக்கிச் சேமிச்சு வெச்சுக்கோ. மிச்சத்த அந்தப் பச்சைப் பயலுகளே பாத்துக்கிடுவாங்க.